டோக்கமாக்கின் விளிம்பில் கொந்தளிப்பை அடக்கிய பிறகும் வெடிப்புகள் எழுவது ஏன்?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குப் பிளாஸ்மா இயற்பியலின் அடிப்படைகளைக் கற்பிக்கிறேன். அணுக்கரு இணைவு பற்றிய பகுதியில் ஒரு முரண் எனக்குப் பிடிபடாமலே இருக்கிறது. இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

1982ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ச்சிங் நகரில் இயங்கிய ஆஸ்டெக்ஸ் என்ற டோக்கமாக்கில் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் கருவியில்) ஃபிரிட்ஸ் வாக்னரும் அவருடைய குழுவினரும் எச்-மோட் என்ற நிலையைக் கண்டறிந்தார்கள் என்பதும், அந்நிலையில் பிளாஸ்மாவின் விளிம்பில் கொந்தளிப்பு திடீரெனத் தணிவதால் ஆற்றல் தங்கும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதும் பாடநூல்களில் உள்ளன. ஆனால் அதே நூல்கள், இந்த அமைதியான விளிம்பில்தான் ஈ.எல்.எம். எனப்படும் வெடிப்புகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன என்கின்றன. அதற்கும் மேலாக, பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலையில் அவ்வளவு நேர்த்தியாக அமைத்த காந்தப்புலத்தை வேண்டுமென்றே சற்றுக் குலைப்பதற்காகத் தனிச் சுருள்களைப் பொருத்தப் போகிறார்களாம்.

எனக்குப் புரியாதவை இரண்டு. வெப்பம் கூடினால் கொந்தளிப்பும் கூடுவதுதான் இயல்பு. அப்படியிருக்க, கூடுதலாக வெப்பமூட்டும்போது கொந்தளிப்பு அடங்குவது எப்படி? அடங்கிய பின்னர் நிலைத்தன்மை குலைவதற்குக் காரணம் என்ன? ஒரு கட்டுரையில் இந்த வெடிப்புகளைப் பிரஷர் குக்கரின் விசிலோடு ஒப்பிட்டிருந்தார்கள். அந்த ஒப்புமை சரிதானா என்பதையும் சொல்லுங்கள்.


நுண்சுழல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

டோக்கமாக்கில் உள்ள பிளாஸ்மாவின் நடுப்பகுதி பல கோடி கெல்வின் வெப்பத்தில் இருக்க, ஓரிரு மீட்டர் தள்ளித் திட நிலையிலான சுவர் இருக்கிறது. இந்த வெப்பச் சரிவும் அடர்த்திச் சரிவும் நகர்வலைகள் எனப்படும் சிறிய அலைகளை வளர்த்துவிடுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி, அயனிகள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிவரும் ஆரத்தைப் போல் சில மடங்கு அளவுள்ள சுழல்களாகின்றன. ஒவ்வொரு சுழலும் உள்ளிருக்கும் சூடான பிளாஸ்மாவைச் சற்று வெளியேயும், வெளியிலிருக்கும் குளிர்ந்த பிளாஸ்மாவைச் சற்று உள்ளேயும் தள்ளுகிறது. துகள்களின் மோதலால் மட்டும் வெப்பம் கசிந்தால் எவ்வளவு வெளியேறுமோ, அதைவிடப் பல மடங்கு வெப்பம் இந்தச் சுழல்களின் வழியே வெளியேறுகிறது. எச்-மோட் வருவதற்கு முந்தைய எல்-மோட் நிலையில், நீங்கள் எதிர்பார்ப்பதுபோலவே, வெப்பமூட்டும் திறன் கூடக்கூட ஆற்றல் தங்கும் நேரம் குறைகிறது. 1980களின் தொடக்கத்தில் இத்துறையில் இருந்தவர்களைக் கவலைகொள்ள வைத்த செய்தி அதுதான்.

ஆஸ்டெக்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நடுநிலைத் துகள் கற்றைகளால் வெப்பமூட்டிய திறன் ஒரு வரம்பைக் கடந்ததும், சில மில்லி விநாடிகளுக்குள் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி சட்டென்று மங்கியது. வெளியேறும் துகள்கள் குறைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். கூடவே பிளாஸ்மாவின் அடர்த்தி ஏறத் தொடங்கியது. மாற்றம் படிப்படியாக வரவில்லை, ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குத் தாவுவதுபோல வந்தது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். இந்தத் தாவலை விளக்குவதற்கே அடுத்த பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

விளக்கத்தின் மையம் ஆரத் திசையிலான மின்புலம். விளிம்பில் அயனிகளின் அழுத்தம் செங்குத்தாகச் சரியும்போது, அச்சரிவைச் சமன்செய்ய உள்நோக்கிய மின்புலம் ஒன்று தோன்றுகிறது. மூடிய காந்தப்புலக் கோடுகள் முடியும் எல்லைக் காந்தப் பரப்புக்குச் சற்று உள்ளே, ஓரிரு சென்டிமீட்டர் அகலத்தில், மீட்டருக்குப் பத்தாயிரக்கணக்கான வோல்ட் அளவில் ஒரு மின்புலப் பள்ளம் உருவாகிறது. மின்புலமும் காந்தப்புலமும் செங்குத்தாக இருக்கும் இடத்தில் பிளாஸ்மா இரண்டுக்கும் குறுக்கான திசையில் நகர வேண்டும். மின்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. அவற்றுக்கு இடையில் சிக்கிய சுழல் நீண்டு, சாய்ந்து, கிழிந்துபோகிறது. பிக்லாரி, டயமண்ட், டெர்ரி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்கொரு தெளிவான அளவுகோலைக் கொடுத்தது: சுழல்கள் இயல்பாகச் சிதைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட விரைவாக இந்த வெட்டுப் பாய்வு அவற்றைச் சிதைக்குமானால் கொந்தளிப்பு அடங்கும்.

இதில் மின்புலம் காரணமா, விளைவா என்ற ஐயம் எழுவது நியாயம். 1989இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், டெய்லரும் குழுவினரும் ஒரு மின்முனையைப் பிளாஸ்மாவின் விளிம்புக்குள் செலுத்தி, வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து, எச்-மோட் போன்ற நிலையைத் தாங்களே உருவாக்கிக் காட்டினார்கள். என் பார்வையில், ஐயத்தைப் பெருமளவு தீர்த்த சோதனை அதுதான்.

ஆனால் தானாக நிகழும் தாவலில் முதல் உந்துதல் எங்கிருந்து வருகிறது? கொந்தளிப்பு தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிட்டு, டோக்கமாக்கைச் சுற்றி ஓடும் மண்டலப் பாய்வுகளைத் தானே உண்டாக்குகிறது. அந்தப் பாய்வுகள் திரும்பக் கொந்தளிப்பையே விழுங்குகின்றன. கொந்தளிப்பு குறைந்தால் பாய்வுக்கு உணவில்லை, அது தளரும். தளர்ந்தால் கொந்தளிப்பு மீண்டும் எழும். வரம்புத் திறனுக்கு அருகில் இவ்விரண்டும் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பல கருவிகளில் அளந்திருக்கிறார்கள். இந்த ஊசலில் ஒருமுறை கொந்தளிப்பு போதிய நேரம் தணிந்திருந்தால், அதற்குள் அழுத்தச் சரிவு செங்குத்தாகி, அதனால் வரும் மின்புலமே தடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. இப்போது வெப்பமூட்டும் திறன் செய்வது என்னவென்று பாருங்கள்: அது கொந்தளிப்பையும் வளர்க்கிறது, கொந்தளிப்பைக் கொல்லும் பாய்வையும் வளர்க்கிறது, ஒரு கட்டத்தில் இரண்டாவது முந்திக்கொள்கிறது.

அந்தக் கட்டம் எது என்பதை அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து துல்லியமாகக் கணிக்கும் வழி இன்றும் கைகூடவில்லை. பல கருவிகளின் அளவீடுகளைத் தொகுத்து 2008இல் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் தந்த அனுபவச் சூத்திரத்தையே பயன்படுத்துகிறோம். அடர்த்தி, காந்தப்புலம், பிளாஸ்மாவின் மேற்பரப்பு ஆகிய மூன்றும் கூடக்கூட வரம்புத் திறன் கூடும். ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்கு டியூட்டீரியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு திறன் தேவை. காந்தப்புலத்தின் திசையை மட்டும் திருப்பி, அயனிகளின் செங்குத்து நகர்வை டைவர்ட்டரை (வெளியேறும் வெப்பமும் துகள்களும் போய் விழும் பகுதியை) விட்டு விலகும்படி செய்தாலும் ஏறத்தாழ இரு மடங்காகும். இந்தக் கடைசிச் செய்தி விளிம்பு எவ்வளவு நுட்பமான இடம் என்பதைக் காட்டும்.


கார்முகில் எழுதியது:

நுண்சுழல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இரண்டாவது கேள்வியின் சிக்கல், கொந்தளிப்பும் நிலையின்மையும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. மேலே விளக்கப்பட்டவை நுண்ணளவுச் சுழல்கள். ஈ.எல்.எம். வெடிப்புகளோ பிளாஸ்மாவையும் காந்தப்புலத்தையும் ஒருசேர வளைக்கும் பேரளவு நிலையின்மைகள். முதலாவதை அடக்குவதனால்தான் இரண்டாவது பிறக்கிறது.

தடுப்பு அடுக்கு உருவானதும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் அழுத்தம் செங்குத்தாக ஏறி, அதன் மேல், ஒரு பீடத்தின் மேல் அமர்வதுபோல, நடுப்பகுதியின் அழுத்தம் அமர்கிறது. இந்தப் பீடத்தின் உயரமே உலையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை. நடுப்பகுதியில் வெப்பச் சரிவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்குள்ள கொந்தளிப்பு அதை உடனே இழுத்துப் பிடித்துவிடும். ஆகவே நடுவில் வெப்பம் எவ்வளவு என்பது, பெருமளவில், விளிம்பில் எந்த வெப்பத்திலிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஈட்டரில் பீடத்தின் உச்சியில் 4 முதல் 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 5 கோடி கெல்வின் எதிர்பார்க்கிறார்கள். அந்த உயரத்தைப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமனுக்குள் எட்ட வேண்டும்.

இப்படிச் செங்குத்தாகும் அழுத்தம் இரண்டு வழிகளில் நிலைத்தன்மையைக் குலைக்கிறது. டோக்கமாக்கின் வெளிப்புறத்தில் காந்தப்புலக் கோடுகளின் வளைவு அழுத்தத்துக்குச் சாதகமாக இல்லை. அழுத்தச் சரிவு மிகும்போது அங்கே பிளாஸ்மா புடைத்து வெளிவர முயல்கிறது. இது பலூனிங் முறை. இரண்டாவதாக, அழுத்தச் சரிவே பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் என்ற ஒன்றை விளிம்பில் உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் மிகுந்தால் பிளாஸ்மாவின் மேல்தோல் உரிவதுபோன்ற பீலிங் முறை எழுகிறது. கானர், ஹேஸ்டி, வில்சன் உள்ளிட்டோர் 1998இல் இவ்விரண்டையும் இணைத்துக் கோட்பாடாக்கினர். இதில் ஒரு நயம் இருக்கிறது: மின்னோட்டம் ஓரளவுக்குக் கூடும்போது காந்தப்புல முறுக்கத்தின் மாறுபாடு குறைந்து, பலூனிங் முறை தணிகிறது. ஆகவே பீடம் இன்னும் உயர வழி கிடைக்கிறது. ஆனால் அந்த வழியின் மறுமுனையில் பீலிங் முறை காத்திருக்கிறது. நல்ல பீடங்கள் இவ்விரு எல்லைகளும் சந்திக்கும் மூலைக்கு அருகில்தான் இயங்குகின்றன.

எல்லை கடந்தபின் நடப்பது மிக விரைவானது. இங்கிலாந்தின் கல்ஹாமில் இயங்கிய மாஸ்ட் கருவியில் அதிவேகக் கேமராக்கள் எடுத்த படங்கள் 2004இல் வெளியாயின. காந்தப்புலக் கோடுகளை ஒட்டித் திருகிய, இழை இழையான பிளாஸ்மா வெளிநோக்கிப் பீறிடுவது அவற்றில் கண்ணுக்கே தெரிகிறது. பீடத்தில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும், ஒரு மில்லி விநாடிக்குள் இப்படி வெளியேறலாம். பிறகு பீடம் சரிந்து, மீண்டும் ஏறி, மீண்டும் வெடிக்கிறது.

இன்றைய கருவிகளால் இதைத் தாங்க முடிகிறது. ஈட்டரின் பிளாஸ்மாவில் சுமார் 350 மெகாஜூல் வெப்ப ஆற்றல் இருக்கும். கட்டுப்படுத்தாத ஒரு பெரிய வெடிப்பு அதிலிருந்து 20 மெகாஜூல் அளவுக்கு வெளியேற்றக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். டைவர்ட்டரின் டங்ஸ்டன் 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்றாலும், மில்லி விநாடிக்குள் இவ்வளவு ஆற்றல் குறுகிய பட்டையில் விழுந்தால் ஓடுகளின் விளிம்புகள் உருகும், மேற்பரப்பு விரிசல் காணும். நொடிக்கு ஒன்றிரண்டு வெடிப்புகள் வீதம் நானூறு நொடிகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு மெகாஜூலுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற தேவை அங்கிருந்துதான் வருகிறது.

குக்கர் ஒப்புமையை நான் வகுப்பில் பயன்படுத்த மாட்டேன். குக்கரின் எடை குறிப்பிட்ட அழுத்தத்தில் தூக்கும். அதுவரை மூடி அசையாது. இங்கே வரம்பாக இருப்பது அழுத்தம் அன்று, அழுத்தத்தின் சரிவும் அதனோடு பின்னிய மின்னோட்டமும். அதைவிட முக்கியமாக, மூடியே நீராவியால் ஆனது என்பதுதான் இங்குள்ள சிக்கல். பீடத்தைத் தாங்கும் மின்புலப் பள்ளமும் பீடத்தின் அழுத்தத்திலிருந்தே வருவதால், வெடிக்கும்போது கசிவது மட்டுமல்லாமல் தடுப்பும் சேர்ந்து உடைகிறது.

ஒரு திருத்தம்போலத் தோன்றினாலும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்-மோடில் கொந்தளிப்பு முற்றாக மறைந்துவிடுவதில்லை. எலக்ட்ரான் அளவிலான மிக நுண்ணிய சுழல்கள் வெட்டுப் பாய்வுக்குப் பிடிபடாத அளவுக்குச் சிறியவை, விரைவானவை. அவையும், காந்தப்புலக் கோடுகளை நுட்பமாகக் கிழிக்கும் வேறு சில முறைகளும் தடுப்பு அடுக்குக்குள் தொடர்ந்து வெப்பத்தைக் கசிய விடுகின்றன. ஸ்னைடரும் குழுவினரும் 2009 அளவில் உருவாக்கிய இ-பெட் மாதிரி இந்த இரு பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அழுத்தச் சரிவை அன்றாடம் கட்டிப்போடுவது இயக்கவியல் பலூனிங் முறை என்னும் நுண்ணளவு நிலையின்மை. பீடத்தின் உயரத்துக்கு இறுதி எல்லை போடுவது மேலே சொன்ன பேரளவு நிலையின்மை. இவ்வளவு எளிய மாதிரி பல கருவிகளின் பீட உயரத்தை ஏறத்தாழ இருபது விழுக்காட்டுத் துல்லியத்தில் சொல்லிவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.


பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மின்புலமும் அழுத்தமும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்ற செய்தி பாடநூலில் இந்தத் தெளிவோடு இல்லை.

இதைப் படித்தபின் இன்னொரு கேள்வி எழுகிறது. வெடிப்பை மட்டும் தடுத்துவிட்டு, தடுப்பு அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டால் போதாதா? அப்படியான அமைதியான நிலை ஒன்றை ஏன் நாடவில்லை? மேலும், வெளியே வரும் வெப்பம் எல்லைப் பரப்பைத் தாண்டியபின் எவ்வளவு அகலத்தில் பரவுகிறது என்பதில் கொந்தளிப்புக்குப் பங்கு உண்டா?


வடகடல் எழுதியது:

விளிம்பில் துகள்களையும் ஒளியையும் அளக்கும் கருவிகளோடு சில காலமாகப் பணியாற்றுகிறேன்; அளவீட்டின் பக்கமிருந்து சொல்கிறேன்.

வெடிப்பே இல்லாத, தடுப்பு முழுமையான எச்-மோட் உண்டு. அதைப் பல கருவிகளில் பார்த்திருக்கிறார்கள். அது நீடிக்காது என்பதுதான் சிக்கல். துகள்கள் வெளியேற வழியின்றி அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். சுவரிலிருந்து பெயர்ந்த டங்ஸ்டன் போன்ற கன அணுக்களும் உள்ளே சேரும். டங்ஸ்டன் அணு முழுவதுமாக அயனியாகாமல் எலக்ட்ரான்களைத் தக்கவைத்துக்கொண்டு ஒளியாக ஆற்றலைக் கொட்டுவதால், மிகச் சிறிய அளவே நடுப்பகுதியைக் குளிரவைக்கப் போதும். இணைவில் பிறக்கும் ஹீலியத்தையும் வெளியேற்றியாக வேண்டும். ஆகவே ஈ.எல்.எம். வெடிப்புகள் தீங்கு செய்யும் அதே வேளையில் அழுக்கையும் அடித்துச் செல்கின்றன. நமக்கு வேண்டியது வெப்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு துகள்களை மட்டும் சீராகக் கசியவிடும் விளிம்பு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எல்லைப் பரப்புக்கு வெளியே காந்தப்புலக் கோடுகள் மூடியவையல்ல. அவை நேராக டைவர்ட்டர் ஓடுகளில் போய் முடிகின்றன. கோட்டின் வழியே வெப்பம் மிக விரைவாக ஓடிவிடுவதால் குறுக்கே பரவுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஐக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆறு டோக்கமாக்குகளின் அளவீடுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த வெப்பப் பட்டையின் அகலம் கருவியின் பருமனைப் பெரிதும் சார்ந்ததன்று. பிளாஸ்மா மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் கூடக்கூட அது குறுகுகிறது. ஈட்டருக்கு இதை நீட்டினால் பிளாஸ்மாவின் வெளிப்புறத்தில், நடு உயரத்தில், ஒரு மில்லிமீட்டர் அளவே வருகிறது. அயனிகளின் இயல்பான காந்த நகர்வை மட்டும் வைத்து, கொந்தளிப்பைக் கணக்கில் எடுக்காமல் கோல்ட்ஸ்டன் 2012இல் தந்த எளிய மாதிரியும் ஏறத்தாழ இதே எண்ணைத்தான் கொடுக்கிறது. எச்-மோடில் எல்லைப் பரப்புக்கு அருகே கொந்தளிப்பு அடங்கியிருப்பதால் பரவலுக்கு அதன் உதவி கிடைப்பதில்லை என்பதே இதன் பொருள்.

பிரின்ஸ்டனில் சாங் தலைமையிலான குழு எக்ஸ்.ஜி.சி.1 என்ற நிரலைக் கொண்டு 2017இல் வெளியிட்ட கணிப்பு இதற்கு மாறுபடுகிறது. இன்றைய கருவிகளுக்கு அந்த நிரல் அனுபவச் சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஈட்டருக்கு ஐந்து முதல் ஆறு மில்லிமீட்டர் என்கிறது. ஈட்டரின் அளவோடு ஒப்பிட்டால் அயனிகளின் சுற்று ஆரம் மிகச் சிறியது என்பதால், விளிம்பில் வெட்டுப் பாய்வு வலுவிழந்து, சிக்குண்ட எலக்ட்ரான்களால் எழும் கொந்தளிப்பு தலைதூக்கும் என்பது அவர்களின் வாதம். ஒன்றா, ஆறா என்பது சின்ன வேறுபாடன்று. ஓடுகள் தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் அளவு என்கிறபோது, நியான் போன்ற வாயுவைச் செலுத்தி எவ்வளவு வெப்பத்தை முன்கூட்டியே ஒளியாக்கிவிட வேண்டும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கும். ஈட்டர் இயங்கும்வரை இந்த வழக்கு முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னும் வெளியே, சுவரை நெருங்கும் பகுதியில், கொந்தளிப்பு முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. அங்கே சீரான பரவல் கிடையாது. அடர்த்தி மிகுந்த பிளாஸ்மாத் திரள்கள் விட்டு விட்டுப் புறப்பட்டு வருகின்றன. வளைந்த காந்தப்புலத்தில் ஒரு திரளின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் எதிரெதிர் மின்னேற்றம் பெற, அதனால் வரும் மின்புலம் திரளையே சுவரை நோக்கி நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கிராஷெனின்னிகோவ் 2001இல் தந்த இந்த விளக்கம் இப்போது பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. விளிம்புக் கொந்தளிப்பு விட்டு விட்டு எழும் இயல்புடையது என்பதை அதற்கும் முன்பே, 1992இல், குஜராத்தின் காந்திநகரில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தின் ஆதித்யா டோக்கமாக்கில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஜா, பிரிதிமான் கவ் முதலியோர் எழுதியிருந்தார்கள். முக்கால் மீட்டர் ஆரமுள்ள அந்தச் சிறிய கருவியின் பங்கு இத்துறையின் வரலாற்றில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.


கார்முகில் எழுதியது:

நீங்கள் முதலில் கேட்ட சுருள்களைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. 2004இல் அமெரிக்காவின் டி-த்ரீ-டி கருவியில் எவன்ஸும் குழுவினரும் முதன்மைக் காந்தப்புலத்தில் பத்தாயிரத்தில் சில பங்கே வலுவுள்ள ஒரு குலைவைச் செலுத்தி, பெரிய வெடிப்புகளை முழுவதுமாக நிறுத்திக் காட்டினார்கள். பீடத்தின் உச்சிக்கு அருகில் காந்தப்புலக் கோடுகள் தீவுகளாகத் திரண்டு, பீடம் மேலும் அகலமாவதைத் தடுத்து, வெடிப்பு எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்தி வைக்கின்றன என்பது பரவலான விளக்கம். பிறகு கொரியாவின் கேஸ்டார், ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு ஆகியவற்றிலும் இது நிறுவப்பட்டது. ஈட்டரின் கலத்துக்குள் வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசைகளில் 27 சுருள்கள் வரவிருப்பது இதற்காகத்தான். நடைமுறைக்கு மிக அருகில் இருக்கும் தீர்வு இது என்பதே என் கருத்து.


நுண்சுழல் எழுதியது:

கார்முகில் சொல்வதில் ஈட்டரைப் பொறுத்தவரை எனக்கு மாறுபாடு இல்லை. அதற்கு அடுத்து வரும் மின் உலைகளைப் பொறுத்தவரை உண்டு. இந்தச் சுருள் முறை வேலை செய்யும் இடைவெளி குறுகியது. காந்தப்புல முறுக்கம் குறிப்பிட்ட மதிப்புகளில் இருக்க வேண்டும், அடர்த்தியும் சுழற்சியும் ஒத்துழைக்க வேண்டும். கலத்துக்குள் நியூட்ரான்கள் பொழியும் இடத்தில் பல்லாண்டுகள் சுருள்களை வைத்திருப்பதும் எளிதல்ல. நூற்றில் தொண்ணூற்றொன்பது வெடிப்புகளைத் தடுத்து ஒன்றை விட்டுவிடும் முறை மின் நிலையத்துக்குப் போதாது.

ஆகவே வெடிப்பே எழாத நிலைகளைத் தேடுவது சரியான பாதை என்று நினைக்கிறேன். டி-த்ரீ-டியில் கண்ட கியூ.எச்-மோடில், விளிம்பில் ஓர் அலை முற்றி வெடிக்காமல் ஓர் அளவில் நின்று, துகள்களைத் தொடர்ந்து வெளியேற்றுகிறது. எம்.ஐ.டி.யின் ஆல்கேட்டர் சி-மாடில் விரிவாக ஆராயப்பட்ட ஐ-மோடில் வெப்பத்துக்கு மட்டும் பீடம் உண்டு, அடர்த்திக்கு இல்லை. வடகடல் சொன்ன விருப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடைக்காது. ஆஸ்டெக்ஸ் அப்கிரேடில், எல்லைப் பரப்புக்கு அருகே அடர்த்தியை உயர்த்தி, சின்னஞ்சிறு இழைகள் ஓயாமல் கசியும் நிலை ஒன்றைப் பயில்கிறார்கள். அந்நிலையில் வெப்பப் பட்டையும் அகலமாகிறது.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது, பிளாஸ்மாவின் குறுக்குவெட்டையே திருப்பிப்போடுவது. வழக்கமான டோக்கமாக்கில் குறுக்குவெட்டு ஆங்கில டி எழுத்துபோல் இருக்கும், நேர்க்கோட்டுப் பக்கம் உட்புறம் பார்த்திருக்கும். அதைத் திருப்பினால் விளிம்பில் பலூனிங் முறை முன்கூட்டியே எழுந்து, எச்-மோடுக்குத் தாவும் வழியையே அடைத்துவிடுகிறது. பீடம் இல்லை என்பதால் வெடிப்பும் இல்லை. சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள டி.சி.வி. கருவி, இந்த வடிவத்தில் நடுப்பகுதியின் எலக்ட்ரான் வெப்பக் கசிவு பாதியாகக் குறைவதை 2007இல் காட்டியது. டி-த்ரீ-டியில் 2023இல் இதற்கெனவே தனி ஓடுகள் பொருத்திச் சோதனைகளை நடத்தினார்கள். டைவர்ட்டர் பெரிய ஆரத்தில் அமைவதால் வெப்பம் விழும் பரப்பும் கூடுகிறது.


கார்முகில் எழுதியது:

அதன் விலையையும் சொல்ல வேண்டும். பீடம் தாழ்ந்தால் நடுப்பகுதியின் கொந்தளிப்புக் குறைவு அந்த இழப்பு முழுவதையும் ஈடுசெய்தாக வேண்டும். இணைவுத் திறன் அழுத்தத்தின் இருமடியைப் பின்பற்றுவதால் சிறு குறைவும் பெரிதாகத் தெரியும். அந்த வடிவத்தில் பிளாஸ்மாவைச் செங்குத்தாக நிலைநிறுத்துவதும் கடினம். ஐ-மோடிலும் திறனைக் கூட்டும்போது எச்-மோடுக்கு நழுவிவிடும் அபாயம் இருக்கிறது. இவற்றில் எதுவும் இணைவு எரிபொருளோடு பெரிய கருவியில் நீண்ட நேரம் இயங்கிக் காட்டவில்லை.


எண்கணிப்பான் எழுதியது:

உரையாடல் சுவையாகப் போகிறது. பொருநைக்கரை ஆசிரியர் என்பதால் மாணவர்கள் தம் கணினியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஹாசெகாவா, வாகாதானி இருவரும் 1983இல் எழுதிய சமன்பாடுகள் இரண்டே இரண்டு: ஒன்று அடர்த்திக்கு, மற்றொன்று சுழற்சிக்கு. இருபரிமாணக் கட்டத்தில் ஃபூரியே முறையில் தீர்த்தால் ஒரு சாதாரண மடிக்கணினி போதும். எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோட்டின் வழியே எவ்வளவு எளிதாக ஓடுகின்றன என்பதைக் குறிக்கும் ஒரே அளவுருவை மாற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். மண்டலப் பாய்வுக்குரிய சராசரிகளை எலக்ட்ரான் பிணைப்பு உறுப்பிலிருந்து நீக்கிய திருத்த வடிவத்தை எடுத்துக்கொள்வது முக்கியம். மூல வடிவத்தில் பாய்வுகள் செயற்கையாகத் தணிந்துவிடும். அளவுரு சிறியதாக இருக்கையில் திரை முழுவதும் உருண்டையான சுழல்கள் நிறைந்திருக்கும். அதைக் கூட்டக் கூட்ட அவை நீண்ட பட்டைகளாகி, வெளிநோக்கிய துகள் பாய்வின் வரைகோடு சரிவதைக் காணலாம். நுண்சுழல் சொன்ன பாய்வுகள் உருவாவது அப்போது கண்முன் தெரியும்.

ஈ.எல்.எம். வெடிப்பை இந்தச் சமன்பாடுகளால் காட்ட முடியாது. அவற்றில் காந்தப்புலம் வளைவதற்கு இடமில்லை. அதற்குக் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் பவுட்++ நிரலில் பீலிங்-பலூனிங் கணக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலில் நேர்கோட்டு வளர்ச்சி வீதத்தை மட்டும் கணக்கிட்டு, அழுத்தச் சரிவை மாற்ற மாற்ற அது எங்கே சுழியைக் கடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முழு வெடிப்பையும் தொடர்வதற்குக் கல்லூரியில் பல கருவகச் செயலிகள் கொண்ட ஒரு சர்வராவது தேவைப்படும்.